மூன்றாம் தண்ணீர்

சுடலைமாடத்தியைப் பற்றிப் பொன்னம்மை முதன்முதலாகக் கேட்டது திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில். பதினெட்டு வருஷம் ஆகிறது. ஊருக்குப் போயிருந்த தம்பி வேல்சாமி நாகர்கோவில் வண்டியிலிருந்து இறங்கினான். அக்காவைப் பார்த்ததும் பையைக் கீழே வைக்காமலே, "யக்கா, பொண்ணு பாத்து பூவும் வச்சாச்சு. பேரு சுடலைமாடத்தி" என்றான்.

பொன்னம்மைக்கு வயிறு எரிந்தது. பெயரில் ஒரு குற்றமும் இல்லை. அவளுடைய அப்பாவைப் பெற்ற ஆச்சிக்கும் அதே பெயர்தான். எரிந்ததற்குக் காரணம் வேறு. பணகுடியில் இருந்த தன் புருஷனின் சித்தப்பா மகளைத் தம்பிக்கென்று அவள் மனசுக்குள் எடுத்து வைத்திருந்தாள். அந்த வீட்டில் பாதி வாக்கும் கொடுத்தாயிற்று. இவன் என்னவென்றால் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போன இடத்தில், பந்தி பரிமாறிய பெண்ணைப் பார்த்து, அங்கேயே முடித்துவிட்டு வந்து நிற்கிறான்.

"யாரு மவ?" என்றாள்.

"வள்ளியூருக்குத் தெக்க கிணறு வெட்டுவாருல்லா இசக்கி, அவரு மவ. ஏழு பொண்ணுல நாலாவது."

"ஏழா! அப்பம் சீதனமா வாளியும் கயிறுமா குடுப்பாரு?"

இப்படித்தான் அந்த வீட்டில் மாடத்திக்கு வரவேற்பு. இசக்கி வாளியும் கொடுக்கவில்லை, கயிறும் கொடுக்கவில்லை. அவரால் கொடுக்க முடிந்ததை மகள்களுக்குச் சின்ன வயசிலேயே கொடுத்துவிட்டார். ஏழு பேர் இடுப்பிலும் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, தான் வெட்டின கிணற்றிலேயே தூக்கிப் போட்டு நீச்சல் பழக்கியிருந்தார். மாடத்திக்கு மட்டும் மூன்றாம் நாளே குடுக்கை தேவைப்படவில்லையாம். இதெல்லாம் பொன்னம்மைக்குப் பின்னால் தெரிந்த சங்கதி.

பொன்னம்மையும் புருஷனும் திருவனந்தபுரத்துக்குக் கட்டட வேலைக்கு வந்தவர்கள். புருஷன் மாரடைப்பில் போனபின் அவள் சித்தாள் வேலையை விட்டு, ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளும் வேலைக்குச் சேர்ந்தாள். பிள்ளை இல்லை. தம்பி குடும்பத்தோடு மணக்காட்டில் ஒரே வாடகை வீட்டில் இருந்தாள். வேல்சாமி தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் பொன்னம்மை கடை மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். முதுகெலும்பில் அடி. பெரிய ஆஸ்பத்திரியில் நாலு மாசம் கிடந்து வீட்டுக்கு வந்தபோது இடுப்புக்குக் கீழே அவளுடைய கால்கள் அவள் சொன்னதைக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவளைத் தூக்கி உட்கார வைப்பதும், குளிப்பாட்டுவதும், சேலை கட்டிவிடுவதும் மாடத்திதான். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. வாய் மட்டும் சும்மா இருக்காது.

"மயினி, வரவர கனம் கூடுது. சோத்தக் கொறைக்கணும்."

"நீ வைக்க குழம்புக்குச் சோறு எங்கட்டி எறங்குது? காத்தக் குடிச்சு ஊதிருக்கேன்."

இப்படிப் பேசிக்கொண்டுதான் இருவருக்கும் பொழுது விடியும்.

மாடத்தி வேலை பார்த்தது ஒரு நீச்சல் குளத்தில். உடை மாற்றும் அறையைக் கழுவுவது, குளத்தில் விழும் இலையை வலையால் அள்ளுவது, பிள்ளைகள் விட்டுப்போகும் துண்டுகளை எடுத்து வைப்பது. ஒருநாள் நீச்சல் படிக்க வந்த ஒரு பெண்ணின் கம்மல் கழன்று பன்னிரண்டடி ஆழத்தில் போய் விழுந்தது. அந்தப் பெண் அழுதது. கோச் ஸ்மிதா கண்ணாடி மாட்டிக்கொண்டு இரண்டு தடவை மூழ்கிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள். மாடத்தி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். யூனிஃபார்ம் கோட்டின் நுனியை இடுப்பில் செருகினாள். ஒரு வார்த்தை பேசாமல் குதித்தாள். மேலே வந்தபோது கம்மல் பல்லுக்கிடையில் இருந்தது.

"சேச்சி, இது எவிடே படிச்சது?" என்று ஸ்மிதா வாயைப் பிளந்தாள்.

"கிணத்துல விழுந்த வாளி எடுக்கப் படிச்சதும்மா. இது வாளிய விடச் சின்னதா இருக்கு, அவ்வளவுதான்."

அன்றிலிருந்து ஸ்மிதா அவளை விடவில்லை. குளம் மூடும் நேரத்தில் அரைமணி நேரம் தண்ணீரில் இறக்கினாள். தலையைத் தூக்கிக்கொண்டு நீந்தும் கிணற்று நீச்சலை மாற்றி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சுவிடக் கற்றுக்கொடுத்தாள். நாற்பத்து மூன்று வயசில் மாடத்தி முழுக்கை முழுக்கால் நீச்சல் உடை போட்டாள். அதைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்ததைப் பார்த்துப் பொன்னம்மை, "இது என்னட்டி, தவளைக்குத் தச்ச சட்டையா?" என்றாள்.

மாடத்தியின் மகள் அஜிதா பத்தாம் வகுப்பு படித்தாள். பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ், வாயில் இரண்டும் கலந்து வரும். ஒரு சாயங்காலம் அவள்தான் சங்கதியை உடைத்தாள்.

"அத்தே, அம்மா ட்ரையத்லானுக்குப் பேர் கொடுத்திருக்கு. கோவளத்துல. கடல்ல நீந்தணும், அப்புறம் சைக்கிள், அப்புறம் ஓட்டம். எல்லாம் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு, நிக்கவே கூடாது."

"எதுக்காம்? யாரு தொரத்துதா?"

"தர்மத்துக்கு நடத்துற பந்தயம் அத்தே. நடக்க முடியாதவங்களுக்கு பேட்டரி வண்டி கொடுக்குற பரிபாடி. யாரு முழுசா முடிக்குறாங்களோ, அவங்க எழுதிக் கொடுத்த பேருக்கு ஒரு வண்டி. மூணு சக்கரம். அம்மா உங்க பேரை எழுதிருக்கு. சொல்லக் கூடாதுன்னு சொல்லுச்சு. நான் சொல்லல, கேட்டோ."

பொன்னம்மை போர்வையை இடுப்புவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "எனக்கு எதுக்கு வண்டி? நான் எங்க ஊர்கோலமா போகப் போறேன்?" என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

திருப்பிக்கொண்ட முகத்துக்குள் ஆரியசாலை விரிந்து கிடந்தது. கடை முதலாளி போன ஓணத்துக்கு வந்தபோது, "பொன்னம்மே, உன் இடம் அப்படியே கெடக்கு. வந்து உக்காந்தா போதும், கைக்கு என்ன கேடு?" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். தினமும் ஆட்டோ வைத்துப் போய்வர முடியாது. தம்பி தினமும் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. வண்டி ஒன்று இருந்தால் அவளே போவாள், அவளே வருவாள். வழியில் நின்று யாரிடமாவது சண்டை போட்டுவிட்டும் வருவாள். ஏழு வருஷமாக அவள் வீட்டாரைத் தவிர யாரிடமும் சண்டை போடவில்லை. அதுவே பெரிய குறையாக இருந்தது.

கடலில் முக்கால் கிலோமீட்டர், சைக்கிளில் இருபது, ஓட்டம் ஐந்து. காலை ஆறரைக்குத் தொடக்கம். ஒன்பது மணிக்கு மேல் வருகிறவர் பெயர் பட்டியலில் சேராது. இதுதான் கணக்கு. சைக்கிளை ஸ்மிதா இரவல் கொடுத்தாள். மாடத்தி விடியற்காலையில் பைபாஸில் ஓட்டிப் பழகினாள். கியர் மாற்றுவதை மட்டும் அவள் நம்பவே இல்லை. "ஓடிக்கிட்டு இருக்க சங்கிலிய எதுக்கு இளக்கணும்?" என்று ஒரே கியரிலேயே மேடும் பள்ளமும் ஓட்டினாள்.

பந்தயத்துக்கு இன்னும் இருபது நாள் என்றிருந்த திங்கட்கிழமை, மாடத்திக்குக் காய்ச்சலோடு கழுத்தில் இரண்டு கொப்புளம். மறுநாள் முதுகெல்லாம் முத்துமுத்தாக. டாக்டர் சிக்கன் பாக்ஸ் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். பொன்னம்மை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தாயே முத்தாரம்மா, வந்தவ நல்லபடியா விளையாடிட்டு எறங்கு."

அதன்பின் வீடு பொன்னம்மையின் ஆட்சிக்கு வந்தது. கட்டிலில் இருந்தபடியே அவள் சட்டம் போட்டாள். வாசலில் வேப்பிலை. வெளியாள் வரக்கூடாது. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறக்கூடாது, தாளிக்கக்கூடாது, பொரிக்கக்கூடாது. மாடத்தி தலையில் தண்ணீர் படக்கூடாது. அவளுக்குக் கீழே வேப்பிலை, விசிற வேப்பிலை, குடிக்க இளநீர். வீட்டில் மற்ற மூவருக்கும் முன்பே அம்மை போட்டுப் போயிருந்ததால் பயமில்லை. ஏழு வருஷமாகத் தன்னைத் தூக்கினவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தபடியே பொன்னம்மை விசிறினாள். கை வலித்தால் கை மாற்றிக்கொண்டாள்.

"சொறியாதட்டி. தழும்பு விழுந்தா எந்தம்பி வேற பொண்ணு பாப்பான்."

"பாக்கட்டும் மயினி. வாரவ உங்களத் தூக்குவாளான்னு முதல்ல கேட்டுக்கிடுங்க."

அவர்கள் வழக்கத்தில் அம்மை இறங்க மூன்று தண்ணீர் ஊற்ற வேண்டும். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு, இந்த மூன்று கிழமைகளில்தான் ஊற்றலாம். பெரிய சருவத்தில் தண்ணீர் நிறைத்து, வேப்பிலையும் மஞ்சளும் அருகம்புல்லும் போட்டு, வெயிலில் வைத்து, சூடேறியபின் உச்சியில் ஊற்ற வேண்டும். மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை அம்மன் வீட்டில் இருக்கிறாள். அதுவரை வேறு தண்ணீர் உச்சியில் படுவது அவளை அவமதிக்கிற காரியம். பொன்னம்மை விரல்விட்டு எண்ணினாள். பந்தயத்துக்கு முந்தின ஞாயிறு முதல் தண்ணீர், செவ்வாய் இரண்டாவது, வெள்ளி மூன்றாவது. அடுத்த ஞாயிறு பந்தயம். ஒருநாள் மிச்சம். முத்துகளும் அதற்குள் காய்ந்து உதிரத் தொடங்கியிருந்தன.

"அம்மனே கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கா" என்று பொன்னம்மை தன் வாயாலேயே சொன்னாள்.

முதல் தண்ணீர் ஊற்றவேண்டிய ஞாயிற்றுக்கிழமை வேல்சாமிக்கு விடுமுறை. பெண்டாட்டி பிழைத்து எழுந்த சந்தோஷம் அவனுக்கு. சருவத்தைத் தூக்கி முற்றத்து வெயிலில் வைத்தான். பிறகு அடுக்களைக்குள் போய்ப் புளிக்குழம்பு வைத்தான். இருபது வருஷம் ஹோட்டல் அடுப்பில் நின்ற கை, குழம்பு கொதித்ததும் யாரையும் கேட்காமல் கரண்டியில் எண்ணெயை ஊற்றி, கடுகைப் போட்டு, கறிவேப்பிலையைக் கிள்ளிவிட்டது. சடசடவென்று வெடித்தது. வீடெல்லாம் மணத்தது.

உள்ளே இருந்து பொன்னம்மை போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"ஏலே! யாரு வீட்டுல தாளிக்க? எழவெடுத்தவனே! அவ உக்காந்திருக்க வீட்டுல கடுகு வெடிக்கியே!"

வேல்சாமி கரண்டியோடு வாசலில் வந்து நின்றான். முகம் வெளிறியிருந்தது. "கை தன்னால போச்சுக்கா" என்றான்.

இரண்டு வாரமாகத் தாளிக்காத சோறு தின்ற மாடத்தி மட்டும் கட்டிலில் கண்ணை மூடி மூச்சை ஆழமாக இழுத்தாள். "மயினி, ஏசுனது போதும். நல்ல வாசமால்லா இருக்கு" என்றாள்.

குழம்பு தென்னைமரத்தடிக்குப் போயிற்று. அன்றைய தண்ணீர் செல்லாது என்று பொன்னம்மை தீர்ப்புச் சொன்னாள். முதல் தண்ணீர் செவ்வாய்க்குத் தள்ளிப்போனது. இரண்டாவது வெள்ளிக்கு. மூன்றாவது ஞாயிற்றுக்கு. அதுவும் தண்ணீர் வெயிலில் சூடேறி ஊற்ற நண்பகல் ஆகும். பந்தயமோ காலை ஆறரைக்குக் கடலில் தொடங்குகிறது.

அந்த வாரம் முழுக்க வீட்டில் இதுதான் பேச்சு. அஜிதா அத்தையின் கட்டிலில் ஏறி உட்கார்ந்து வாதாடினாள்.

"அத்தே, இது வைரஸ் அல்லே. மேல எல்லாம் உதிர்ந்தாச்சு. யாருக்கும் பகராது, ஒட்டாது."

"வைரசுக்குத் தெரியுமாட்டி செவ்வா வெள்ளி? அவளுக்குத் தெரியும்."

மாடத்தி சண்டை போடவில்லை. அதுதான் பொன்னம்மையை அறுத்தது. சனிக்கிழமை காலையில் ஸ்மிதா வந்து அவளை டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் மார்பில் குழல் வைத்துக் கேட்டு, உடம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மத்தவங்களுக்குத் தொத்தாது. நெஞ்சும் நல்லா இருக்கு. ஆனா பலம் திரும்பல. போகலாம், வேகம் கூடாது. தலை சுத்தினா அந்த இடத்துல உக்காந்துடணும்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். சீட்டை வாங்கிக்கொண்டு வந்தும் மாடத்தி சைக்கிளைத் தொடவில்லை.

"டாக்டர் சொல்லிட்டாருல்லா சேச்சி, பின்ன எந்தா?" என்றாள் ஸ்மிதா.

"மயினி சொல்லணும்மா. நாளைக்கு எனக்கோ பிள்ளைக்கோ ஒரு தலைவலி வந்தாலும், அன்னைக்கு எறங்கினோமேன்னுதான் எனக்கே தோணும். அப்படி ஒரு வண்டிய வாங்கி அவங்களுக்குக் குடுத்து என்ன பண்ண?"

உள்ளே கட்டிலில் இருந்த பொன்னம்மை காதில் இது விழுந்தது.

மத்தியானம் சாப்பிட்டபின் வேல்சாமி அக்காவைத் தூக்கி முற்றத்து நிழலில் நாற்காலியில் உட்கார வைத்தான். முந்தின நாள் இரண்டாம் தண்ணீர் ஊற்றின சருவம் அங்கேயே இருந்தது. அடியில் மிச்சத் தண்ணீர். பொன்னம்மை கையை நீட்டித் தொட்டாள். கை சுட்டது. நாலு மணி நேர வெயிலுக்கே இந்தச் சூடா என்று நினைத்தாள். நினைத்தவள் கையை எடுக்கவில்லை. ஒரு சருவம் தண்ணீருக்கு நாலு மணி நேரம் போதுமென்றால், காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வெயிலில் கிடக்கிற தண்ணீர் எது?

நினைப்பு வந்ததும் அவளுக்குப் பயமாகவும் இருந்தது. வண்டிமேல் உள்ள ஆசையில்தான் புத்தி இப்படி வழி தேடுகிறதோ? அவள் கண்ணை மூடினாள். 'தாயே, நான் பேராசையில சொல்லுதேன்னு உனக்குத் தோணிச்சுன்னா, குடுக்கத எனக்குக் குடு. அவளுக்குக் குடுத்துராத. எனக்கு இனி போக என்ன இருக்கு, காலும் போயாச்சு' என்று வேண்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். ஒரு கெட்ட சகுனமும் வரவில்லை. கூடைக்குள் கோழிதான் கொக்கரித்தது.

"ஏலே வேல்சாமி! நாளைக்குக் காலம்பற ஆட்டோவுக்குச் சொல்லு. நாம எல்லாரும் போறோம்."

"எங்கக்கா?"

"கோவளத்துக்கு. கடல் தண்ணி இன்னைக்குப் பூரா வெயில்ல தானல கெடக்கு? அத விடப் பெரிய சருவம் உண்டா? மூணாம் தண்ணிய அங்க வச்சு நான் ஊத்துதேன். வேப்பிலை பறி, மஞ்சளை இடி. ஊத்தினப் பெறவு அவ நீந்துனா என்ன, முங்குனா என்ன?"

அஜிதா அத்தையைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் கடித்தாள். மாடத்தி அடுக்களை நிலைப்படியில் நின்று சிரிக்கத் தொடங்கியவள், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்தப் புத்தி செவ்வாக்கிழமையே வந்திருந்தா நாலு நாள் நிம்மதியா உறங்கிருப்பேன் மயினி."

"செவ்வாக்கிழம உம் புருசன் கடுகு மணம்லாட்டி மூக்குல நின்னுது. புத்தி எங்க வர?"

ஞாயிற்றுக்கிழமை கோவளத்தில் வெளிச்சம் வருகிற நேரத்தில் கரை நிறைய ஆட்கள். எல்லாரும் இறுக்கமான உடையும் கண்ணாடியும் தொப்பியுமாக நின்றார்கள். கையில் எண் எழுதுகிற பெண் மாடத்தியின் புறங்கையில் இருந்த தழும்புகளைப் பார்த்துத் தயங்கினாள். ஸ்மிதா டாக்டர் சீட்டைக் காட்டினாள். எண்பத்தேழு என்று தழும்புகளுக்கு நடுவில் இடம் பார்த்து எழுதினாள் அந்தப் பெண்.

வேல்சாமி அக்காவை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மணலில் நடந்து, அலை வந்து தொடுகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தான். அஜிதா செம்பில் கடல் தண்ணீரை மொண்டு வந்தாள். பொன்னம்மை அதில் மஞ்சளைக் கரைத்தாள், வேப்பிலையைக் கிள்ளிப் போட்டாள். தண்ணீரில் விரல் வைத்துப் பார்த்தாள். இளஞ்சூடாகத்தான் இருந்தது.

"குனி."

தவளைச் சட்டை போட்ட மாடத்தி மணலில் முழங்கால் போட்டுக் குனிந்தாள். சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பொன்னம்மை ஒரு செம்பு ஊற்றினாள், இரண்டு ஊற்றினாள், மூன்றாவதை உச்சியில் மெதுவாக ஊற்றி, "தாயே, எறங்கி வழி குடு" என்றாள். அஜிதா நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். யார் என்று தெரியாத இரண்டு வயசான பெண்கள் சேர்ந்து குலவையிட்டார்கள். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரர் கைதட்டினார்.

விசில் ஊதியது. நூற்றுச்சொச்சம் பேர் கடலுக்குள் பாய்ந்தார்கள். மாடத்தியின் மஞ்சள் தலை கொஞ்சதூரம் தெரிந்தது, பிறகு எல்லாத் தலையும் ஒன்றாகிவிட்டது. பொன்னம்மைக்குக் கழுத்து வலித்தது. கண்ணை எடுக்கவில்லை. ஆரஞ்சு மிதவையைச் சுற்றித் திரும்பி வரும்போது நடுக்கூட்டத்தில் அவள் வந்தாள். கரையேறினதும் கால் மடங்கியது. கையை ஊன்றி எழுந்து ஓடினாள்.

"இருபத்தி மூணு மினிட்! அடிபொளி!" என்று அஜிதா குதித்தாள்.

அடுத்தது சைக்கிள். இருபது கிலோமீட்டரும் பைபாஸில் போய்த் திரும்ப வேண்டும். அங்கே அவளால் பார்க்க முடியாது. நாற்காலியைக் கடற்கரைச் சாலையோரம் மாற்றி வேல்சாமி அவளை உட்கார வைத்தான். ஒரு மணி நேரம் போனது. ஒன்றும் தெரியவில்லை. அக்காவும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். போன் வந்தபோது அஜிதா முகம் சுருங்கியது.

"பாச்சல்லூர் கிட்ட ஏத்தத்துல அம்மா வாந்தி எடுத்துச்சாம். ஸ்மிதா சேச்சி சொல்லுது. உருட்டிட்டு ஏறுதாம்."

"கியரு! கியரு மாத்துன்னு தலைப்பாடா அடிச்சேன்" என்றான் வேல்சாமி. அவனுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது.

மாடத்தி வந்து சேர்ந்தபோது மணி எட்டே கால் ஆகியிருந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓட்டத்துக்குத் திரும்பினாள். கடற்கரைச் சாலையில் ஒரு கிலோமீட்டர் வட்டம், ஐந்து சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் கையில் ஒரு ரப்பர் வளையம் மாட்டிவிடுவார்கள். முதல் சுற்று ஓடினாள். இரண்டாவது சுற்று பாதி ஓட்டம், பாதி நடை. மூன்றாவது சுற்றில் முழுக்க நடை. வெயில் ஏறிவிட்டது. உதடு வெளுத்திருந்தது. நாலாவது சுற்றுக்குப் போகிற வழியில் பொன்னம்மையின் நாற்காலிக்கு எதிரே வந்து நின்றுவிட்டாள்.

"தலை சுத்துதாட்டி?" என்று பொன்னம்மை முதலில் அதைத்தான் கேட்டாள். "சுத்துச்சுன்னா இந்தா, எம் மடியில உக்காரு. வண்டியும் வேண்டாம், மண்ணும் வேண்டாம்."

"தலை நல்லாருக்கு மயினி. காலுதான் வரல."

"காலு வரலியா? ஏழு வருசமா எனக்குந்தான் வரல. நான் என்ன நின்னுட்டா போனேன்? நடட்டி!"

மாடத்தி ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்தது. சாலையில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த பையன்களுக்கு ஒன்றும் புரியாமல் அவர்களும் சிரித்தார்கள். சிரித்து முடித்தவள் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு நடந்தாள்.

அவளுக்குப் பின்னால் தொந்தி பெருத்த ஒரு பேங்க் ஆபீசர் வந்துகொண்டிருந்தார். அவருக்குக் கடைசியாக வர மனமில்லை. இவளை முந்தப் பார்த்தார். அவர் பக்கத்தில் வரும்போதெல்லாம் மாடத்தி நாலு எட்டு ஓடினாள். அவர் ஓடினால் இவள் ஓடுவாள், அவர் மூச்சு வாங்கினால் இவளும் வாங்குவாள். இப்படியே ஐந்தாவது சுற்றில் பாதி முடிந்தது. பொன்னம்மைக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஏட்டி மாடத்தி! ஆறரை பஸ்ஸு போவுது! கண்டக்டரு மணி அடிச்சாச்சு! ஓடு, ஓடு!"

மாடத்தி தினமும் வேலைக்குப் போகிற பஸ் அது. பதினைந்து வருஷமாக ஒருநாளும் அது அவளை விட்டுப் போனதில்லை, ஓடி ஏறிவிடுவாள். அவள் கால் அந்த வார்த்தையைக் கேட்டது. ஓடினாள். பேங்க் ஆபீசர் "சேச்சீ, ஒண்ணு நில்லு!" என்று பின்னால் கூப்பிட்டதைக் கேட்டு கரையே சிரித்தது. முடிகிற இடத்தில் செண்டை கொட்டினார்கள். கயிற்றைத் தாண்டினபோது மணி எட்டு ஐம்பத்தேழு. மூன்று நிமிஷம் மிச்சம். ஆபீசரும் ஒரு நிமிஷத்தில் வந்து சேர்ந்து அவளோடு கைகுலுக்கினார்.

வேல்சாமி பெண்டாட்டியைத் தாங்கிப் பிடித்தான். மைக்கில் பெயர் வாசித்தவருக்குச் சுடலைமாடத்தி என்பது வாயில் வரவில்லை. மூன்று தடவை தடுக்கினார். நாற்காலியில் இருந்த பொன்னம்மை அங்கிருந்தே உரக்கச் சொல்லிக்கொடுத்தாள். அவர் திருப்பிச் சொன்னார். கரையில் நின்றவர்களும் சொன்னார்கள்.

மாடத்தியைக் கொண்டுவந்து பொன்னம்மை பக்கத்தில் மணலில் உட்கார வைத்தார்கள். கழுத்தில் மெடல். கடல் உப்பும் மஞ்சளும் வியர்வையுமாக முகம் காய்ந்து வெடித்திருந்தது.

"என்ன வேணும்ட்டி? ஜூசா, இளநியா?"

"மூணாம் தண்ணி ஊத்தியாச்சுல்லா மயினி?"

"ஊத்தியாச்சு."

"அப்பம் எண்ணெயில பொரிச்சது எதாவது வாங்கித் தரச் சொல்லுங்க. மூணு வாரமாச்சு."

வேல்சாமி ஓடிப்போய்ப் பழம்பொரி வாங்கி வந்தான். காகிதத்தில் எண்ணெய் ஊறியிருந்தது. நாலு பேரும் அந்த மணலிலேயே தின்றார்கள். பொன்னம்மை ஒன்றை இரண்டாகப் பிட்டு, பெரிய துண்டை மாடத்தி கையில் வைத்தாள். ஏழு வருஷமாக எதையும் யாராவது எடுத்துக் கொடுத்தே வாங்கிக்கொண்டிருந்தவளுக்கு, தான் பிட்டுக் கொடுத்ததே அன்றைக்குப் பெரிய காரியமாக இருந்தது.

வண்டி விஷுவுக்கு மறுவாரம் வந்தது. நீல நிறம், மூன்று சக்கரம், பின்னால் சாமான் வைக்க ஒரு கூடை. பொன்னம்மை முதல் நாள் சந்து முனையில் பால்காரன் மேல் மோதப் பார்த்தாள். நிறுத்தி அவனோடு ஒரு மூச்சுச் சண்டையும் போட்டாள். வீட்டுக்கு வந்தபோது அவள் முகம் பத்து வயசு குறைந்திருந்தது என்று வேல்சாமி சொன்னான். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஆரியசாலைக் கடையில் தன் பழைய இடத்தில் உட்கார்ந்து வத்தலுக்குக் காம்பு கிள்ளுகிறாள்.

மாடத்தி மணக்காட்டில் அதே வீட்டில் இருக்கிறாள். அதே நீச்சல் குளத்தில் வேலை. காலையில் கழுவித் துடைப்பது முன்போலவேதான். சாயங்காலம் ஐந்து மணிக்கு, நாற்பது வயசு தாண்டிய பெண்கள் பதினொரு பேருக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாள்.